தூக்கிவிட வேண்டாத பொம்மை

அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவின் கடைசியில் ஒரு அறை. கதவுக்கு மேலே ஏதோ நீளமாக எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. எல்லோருக்கும் அது மாவுக்கட்டு ரூம். அங்கே வேலை பார்க்கிறவள் மாவுக்கட்டு அக்கா. டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளைவிட வயதில் மூத்த வாட்ச்மேனும் அப்படித்தான் கூப்பிட்டார். வீட்டில் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

வேலையைச் சொன்னால் எளிதுதான். உடைந்த கையையோ காலையோ டாக்டர் இழுத்து நேராக்குவார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அதை அசையாமல் தூக்கிப் பிடித்திருக்க ஒரு ஆள் வேண்டும். பஞ்சைச் சுற்றி, மாவுத்துணிச் சுருளை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கக் காத்திருந்து, லேசாகப் பிழிந்து, சுற்றிக்கொண்டே வர வேண்டும். விரல் நுனி பட்டால் உள்பக்கம் குழி விழுந்து தோலை அறுக்கும். உள்ளங்கையால்தான் நீவ வேண்டும். கட்டு சூடேறி இறுகுகிறவரை காலைக் கீழே வைக்க முடியாது. ஆள் மேஜைமேல் ஹாயாகப் படுத்திருக்க, அந்த ஒற்றைக் கால் மட்டும் ஒரு முழு ஆள் கனம் கனக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது தோள் இரண்டும் மரத்துப்போய், தலைமுடியை ஒதுக்கக்கூட அவளுக்குக் கை மேலே எழும்பாது.

வலியில் துடிக்கிறவர்களின் கவனத்தைத் திருப்ப அவள் ஒரு கேள்வி கேட்பாள். "எப்படிங்க விழுந்தீங்க?"

"சும்மாத்தான் நடந்து வந்தேன்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். உண்மை மெதுவாகத்தான் வெளியே வரும். பூனையைத் துரத்திக்கொண்டு ஓடி, அதே பூனை தடுக்கி விழுந்த பள்ளிக்கூட டீச்சர். கனவில் பந்தை உதைத்து, கட்டிலிலிருந்து உருண்டு, மணிக்கட்டை முறித்துக்கொண்ட பேங்க் மேனேஜர். 'தரை ஈரமா இருக்கு, பாத்து நட' என்று மனைவிக்குப் புத்தி சொல்லிக்கொண்டே தான் வழுக்கி விழுந்த ஒரு மனிதர். அவர் மனைவி பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஐயோ பாவம், அழுகிறாள் போலிருக்கிறதே என்று மாவுக்கட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். அழவில்லை.

மனுஷன் கம்பீரமாக விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது என்பது அவள் கண்டது. ஆனால் அந்த அறையில் சிரிக்க முடியாது. விழுந்தவனுக்கு உயிர் போகிற வலி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு "அச்சச்சோ" என்பாள். சிரிப்பு தொண்டையோடு நின்றுவிடும். இப்படி விழுங்கி விழுங்கி, கடைசியில் சிரிப்பு என்ற ஒன்று வருவதே நின்றுபோயிற்று.

நின்றதற்கு அது மட்டும் காரணமில்லை. அவள் வீட்டிலும் விழுந்தவர் ஒருவர் இருந்தார்.

அவள் கணவர் கட்டிடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வேலை சுத்தமாக இருக்கும், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒருநாள் ஒரு பெரிய வீட்டின் மேல் மாடிச் சுவரை அடித்து முடித்துவிட்டு, எப்படி வந்திருக்கிறது என்று ரசிக்க, தரையில் நிற்கிற நினைப்பில் ஓர் எட்டு பின்னால் வைத்தார். பின்னால் சாரத்தின் பலகை இல்லை, காற்றுதான் இருந்தது. முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

அந்த விழுந்த கதையை வீட்டில் யாரும் பேசுவதில்லை. 'அதுக்கு முன்னாடி', 'அதுக்கு அப்புறம்' என்று வெறும் 'அது'வாகவே அது ஆகிவிட்டது. தினம் காலையில் அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அவர் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அவள் அவர் அக்குளுக்குள் கை கொடுத்து, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, தூக்கித் திருப்பி உட்கார வைப்பாள். சாயங்காலம் அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கட்டிப்பிடித்தபடி இருக்கும்போது முகம் பார்க்காமலிருப்பது சுலபம்தான்.

அடுத்த தெருவில் அவருடைய தம்பி இருந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். ஆரம்பத்திலேயே, "நான் வந்து தூக்கிவிட்டுட்டுப் போறேன் அண்ணே" என்றான். அண்ணன்காரர் சீறிவிட்டார். "நான் என்ன மூட்டையா, ஆள் வெச்சுத் தூக்க?" என்றார். மூட்டை இல்லைதான். ஆனால் ஆள் வைக்காததால் அந்தக் கனத்தைத் தனியாகச் சுமந்தவள் அவள்.

இந்த நிலையில்தான் அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது.

பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கிற தம்பிக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். போனுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மை. முகம் கிடையாது. அதைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிடுவான், லாரிக்கு முன்னால் நிறுத்துவான், பீரங்கிக்குள் போட்டுச் சுவரில் அடிப்பான். பொம்மை கைகால் துவண்டு, துணி மாதிரி மடங்கி விழும். 'மடக்' 'மடக்' என்று சத்தம் வரும். எத்தனை எலும்பு முறிகிறதோ அத்தனை மார்க்.

"ஏன்டா, நாள் முழுக்க ஒடஞ்ச எலும்பைத்தானே படம் பிடிக்கிற? சாப்பிடுற நேரத்துலயும் எலும்பை ஒடைக்கணுமா?"

"அது வேலைக்கா. இது சொந்த சந்தோஷம்."

"பாவம்டா அது."

"பொம்மைக்கு என்னக்கா பாவம்? வலிக்கவா போகுது? நீங்க ஒரு தடவை தள்ளிப் பாருங்க."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

வேறு வேலை நிறையவே இருந்தது. அதனால்தான் அந்த நாள் வந்தது. காலையிலிருந்து வரிசை குறையவே இல்லை. கடைசியாக ஆஜானுபாகுவான ஒரு லாரி டிரைவர். தொடையிலிருந்து பாதம்வரை கட்டு. அந்தக் காலைப் பிடித்து முடித்துவிட்டு அவள் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தபோது, டிபன் பாக்ஸின் மூடியைத் திறக்கக் கைக்குத் தெம்பில்லை. எக்ஸ்ரே தம்பி மூடியைத் திறந்துகொடுத்தான். கூடவே போனையும் அவள் பக்கம் நகர்த்தினான். "சும்மா அழுத்துங்கக்கா. விரல் மட்டும் போதும்."

அழுத்தினாள்.

பொம்மை படிக்கட்டின் உச்சியில் நின்றது. லேசாக ஆடியது. மரியாதைக்குக் குனிகிற மாதிரி குனிந்தது. அவ்வளவுதான், தலைகுப்புற உருள ஆரம்பித்தது. பாதி வழியில் ஒரு கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொள்ள, அப்படியே தொங்கியது. 'சரி, இப்போ என்ன பண்ணலாம்' என்று யோசிப்பதுபோல ஒரு நிமிஷம் தொங்கிவிட்டு, நழுவி, கீழே இருந்த குப்பைத் தொட்டிக்குள் தலைகீழாக இறங்கியது. இரண்டு காலும் வெளியே, பூங்கொத்து மாதிரி.

அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கலா, இருமலா என்று அவளுக்கே தெரியவில்லை. வாயிலிருந்த கவளம் புரையேறி, கண்ணில் நீர் கொட்டி, எக்ஸ்ரே தம்பி அவள் தலையைத் தட்டவேண்டியதாயிற்று. மூச்சு திரும்பியபோதுதான் தான் சிரித்திருக்கிறோம் என்று புரிந்தது.

அன்றைக்கே அவள் போனில் அதை ஏற்றிக்கொடுத்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தள்ளினாள். பக்கத்து சீட்டில் இருந்த அறிமுகமில்லாத ஒரு பெண் எட்டிப் பார்த்து, அவளும் சிரித்து, இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டு, அடுத்ததில் இறங்கி நடந்தாள். வீட்டில் அடுக்களையில், உலை கொதிக்கிற நேரத்தில், சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு தள்ளினாள்.

எக்ஸ்ரே தம்பிக்கு மார்க் முக்கியம். அவள் மார்க்கைப் பார்த்ததே இல்லை. எலும்பு முறிகிற சத்தத்தில் அவளுக்கு ஆசையும் இல்லை. அதன் அசல் அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பிடித்தது விழுந்ததற்குப் பிறகு வருகிற அந்தக் கொஞ்ச நேரம். பொம்மை கால் கழுத்துக்குப் பின்னால், கை முதுகுக்குக் கீழே என்று தாறுமாறாகக் கிடக்கும். யாரும் ஓடி வரமாட்டார்கள். ஸ்ட்ரெச்சர் வராது. அவள் கைகள் மடியில் கிடக்கும். வேண்டுமென்றால் பொத்தானை அழுத்தலாம்; பொம்மை கீறல்கூட இல்லாமல் உச்சியில் போய் நிற்கும். வேண்டாமென்றால் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். கிடக்கவிடுவாள். அடுப்பில் உலை பொங்கி வழிகிறவரைக்கும் கிடக்கவிடுவாள்.

வினை ஒரு மத்தியானம் வந்தது. படியில் விழுந்த ஒரு பெரியவரை அவர் மகள் அழைத்து வந்திருந்தாள். டாக்டர் அறுவை அறையிலிருந்து வரத் தாமதமானது. பெரியவர் உள்ளே முனகிக்கொண்டிருந்தார். மாவுக்கட்டு அக்கா எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் போனை எடுத்திருக்கக் கூடாது. எடுத்தாள். பொம்மை நழுவியது, அவள் சிரித்தாள். நிமிர்ந்தால் எதிரே அந்த மகள் நிற்கிறாள்.

"எங்க அப்பா உள்ள உயிர் போற வலியில கெடக்குறாரு. நீங்க இங்க ஒக்காந்து மனுஷன் படியில உருள்றதப் பாத்து சிரிக்கிறீங்களா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

நடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் பொம்மையாவது உருளுவதை நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கென்று அது நீளமான படிக்கட்டு. 'மடக் மடக்' என்று அவள் கையில் உருண்டுகொண்டே இருந்தது. பதற்றத்தில் அதை எங்கே அணைப்பது என்று அவள் விரலுக்குத் தெரியவில்லை.

டாக்டர் வந்தார். அவள் உள்ளே போய்ப் பெரியவரின் காலைத் தாங்கிப் பிடித்தாள். அன்றைக்கு வழக்கமான கேள்வியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பெரியவருக்கே பொறுக்கவில்லை.

"ஏம்மா, எப்படி விழுந்தேன்னு யாருமே கேக்கலையே?"

"சொல்லுங்கப்பா."

"கண்ணாடியத் தேடிக்கிட்டே படியிறங்கினேன். காணோம் காணோம்னு எல்லாப் படியிலயும் குனிஞ்சு பாத்துட்டு வரேன். சனியன், மூக்கு மேலதான் இருந்திருக்கு."

அவள் உதட்டைக் கடித்த கடியில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மகள் அதை அழுகை என்று நினைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புகார் தலைமை நர்ஸிடம் போயிற்று. அவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த வயசுல, டூட்டி நேரத்துல, போன்ல விளையாட்டா?"

"தப்புதான் சிஸ்டர். இனிமே எடுக்க மாட்டேன்."

"அது சரி. நான் நிஜமாத்தான் கேக்குறேன். அதுல சிரிக்க என்ன இருக்கு?"

அவள் யோசித்தாள். தனக்குத் தானே சொல்லிப் பார்த்திராத ஒன்றை முதல் தடவையாகச் சொல்லவேண்டியிருந்தது.

"விழுந்தா அது பாட்டுக்குக் கெடக்குது சிஸ்டர். யாரும் போய்த் தூக்க வேண்டியதில்ல."

இடுப்பு வலிக்கு பெல்ட் போட்டிருந்த தலைமை நர்ஸ், மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலியிலிருந்து எழுந்தார். "போ. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

கேட்டாள். அந்தப் பெண் காதில் விழாததுபோல் அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள். அதுவும் நியாயம்தான் என்று இவளுக்குத் தோன்றியது. பஸ்ஸில் ஏறியதும் விளையாட்டை போனிலிருந்து அழித்தாள். பொம்மை போயிற்று. வீட்டில் உலை அதன்பாட்டுக்குக் கொதித்தது; அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்படிக் கொஞ்ச நாள் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், துவைத்த துணிகளை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் நாற்காலியிலிருந்து ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏன், சண்டையா?"

"யாரோட?"

"அதான்... அவரோட."

"எவரோட?"

அவர் திரும்பவில்லை. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேக்கவும் மாட்டேன். அடுக்களையில நீ போனை வெச்சுக்கிட்டு சிரிப்பே. இப்போ கொஞ்ச நாளா சத்தமே இல்ல. சண்டைன்னா பேசித் தீத்துக்கோ. வருஷக்கணக்கா நான் கேக்காத சிரிப்பு அது. யாரா இருந்தா என்ன?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. வந்த கோபம் பாதியிலேயே வழுக்கியது. மடித்த துணிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இந்த மூஞ்சிக்கா? கையில மாவும் தோள்ல தைல வாசனையுமா திரியிறவளுக்கு ஒரு ஆளா?" சிரிப்பில் அவளுக்கு மூச்சு முட்டியது. "அது ஆளே இல்லங்க. ஒரு பொம்மை. மூஞ்சிகூடக் கெடையாது."

"பொம்மையா? காட்டு பாப்போம்."

சொன்ன வாயை மூடியிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. முதுகெலும்பு போன மனுஷனிடம் எதைக் காட்டுவது? "அதெல்லாம் அழிச்சிட்டேன்" என்று மழுப்பினாள். அவர் விடவில்லை. மறைக்க மறைக்கச் சந்தேகம் வலுக்கும் என்று பட்டது. விளையாட்டை மறுபடி போனில் இறக்கினாள். கெட்ட நேரம், திறந்ததுமே வந்தது ஒரு கட்டிடம். பக்கத்தில் சாரம். சாரத்தின் உச்சியில் பொம்மை. வேறு இடத்துக்கு மாற்ற அவள் விரல் துழாவுவதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார்.

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

பொம்மை கையை விரித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து, சாரக்கட்டையில் ஒருமுறை மோதி, கீழே வந்து சேர்ந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மறுபடி எப்படி நிக்க வைக்கிறது?" என்று கேட்டார். சொன்னாள். மறுபடி தள்ளினார். மறுபடியும்.

"இவனாவது பரவால்ல" என்றார் கடைசியில். "யாரோ தள்ளிவிட்டு விழுறான். நான் என் கைவேலையப் பாத்து நானே மயங்கி விழுந்தவன்."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரா என்று அவள் குனிந்து பார்த்தாள். இல்லை. அவள் பழக்கதோஷத்தில் உதட்டைக் கடித்தாள்.

"சிரி, சிரி. இத்தனை வருஷமா நீ அடக்கி வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதா? பின்னாடி ஓர் எட்டு வெச்சேன் பாரு... என்னமோ சொந்த மாளிகையத் திரும்பிப் பாக்குற மகாராஜா மாதிரி..." சொல்ல முடியாமல் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தார். "கலர் நல்லாத்தான் வந்திருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அடங்கும், ஒருவர் 'கலர்' என்பார், மறுபடி கிளம்பும். வயிறு வலித்தது. அவள் அவர் நாற்காலியின் காலில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு, கூப்பிடாமலே அந்த வார்த்தை வெளியே வந்தது.

"என்னால முடியலங்க."

"எது?"

"உங்களைத் தூக்க."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மை மண்ணில் கிடந்தது.

"தெரியும்" என்றார். "காலையில உன் கை நடுங்குறது என் முதுகுக்குத் தெரியாதா? மேல் முதுகுல உணர்ச்சி இருக்கே."

"தெரிஞ்சா ஏன் தம்பிய வேணாம்னீங்க?"

"நீ முடியலன்னு சொல்லல. நான் வேணும்னு சொல்லல. அப்படியே ஓடிப்போச்சு." போனை அவளிடம் நீட்டி, "அவனக் கூப்பிடு. நானே பேசுறேன்" என்றார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற உடுப்போடு கொழுந்தன் வந்துவிட்டான். ஒல்லி உடம்பு, ஆனால் பஸ் டயரைக் கழற்றிப் பழகிய கை. அவள் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். 'சரி அண்ணி, சரி அண்ணி' என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவள் டீயை எடுத்துக்கொண்டு அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்த நிமிஷம் உள்ளே 'தொம்' என்று சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"டேய், அக்குள்ல கை குடுடா! கழுத்த நெரிச்சுக் கொல்லப் பாக்குறியா?"

"நீங்க கொஞ்சம் கனத்தக் கொறைங்கண்ணே!"

"கொறைக்கிறதுக்கு நான் என்ன பேரமா பேசுறேன்?"

இரண்டு பேரும் கட்டிலிலேயே விழுந்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று குரலிலிருந்தே தெரிந்தது. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கொழுந்தனுக்குக் காலையில்தான் முடியும். சாயங்காலம் அவள்தான் தூக்க வேண்டும். தோள் வலி முழுசாகப் போகாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அவள் போன் இப்போதெல்லாம், அவள் வீட்டில் இருக்கிற நேரம் முழுக்கக் கணவர் கையில்தான். உள்ளேயிருந்து 'மடக்' என்று சத்தமும், தொடர்ந்து அவர் சிரிப்பும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே அவள் சில நேரம் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போவாள்.

ஆனால் அந்த முதல் காலையில் அவள் தூங்கவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. டீ சூடாக இருந்தது. உள்ளே அண்ணனும் தம்பியும் மறுபடி மூச்சுப் பிடிப்பது கேட்டது; நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் இடித்தது.

"அண்ணி, இந்த நாற்காலிக்கு பிரேக் எங்க இருக்கு?"

"இடது பக்கம்" என்றாள் அவள், எழுந்திருக்காமல். இன்னொரு வாய் டீ குடித்தாள்.